ஆண்கள் நிறைந்த துறையில் நுழையும் பெண்ணுக்கு: நியமனக் கடிதம் முதல் துறைத்தலைவர் நாற்காலி வரை

பதவி உயர்வுக் குழு கூடும் நாளில் அந்த அறைக்குள் உங்கள் உழைப்பு போகாது. உங்கள் கோப்பு மட்டும்தான் போகும். எது கோப்பில் ஏறும், எது ஏறாது என்று தெரியாமல் ஐந்தாறு ஆண்டுகள் மாடாய் உழைத்துவிட்டு, பக்கத்து அறைக்காரர் முந்திப்போன பிறகு விழித்துக்கொள்ளும் பெண்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். பொறியியல், அறுவை சிகிச்சை, சட்டம், இயற்பியல், பல்கலைக்கழக நிர்வாகம் என்று எங்கே நுழைந்தாலும் பெண்கள் குறைவாக உள்ள இடத்தில் இந்தச் சிக்கல் ஒன்றுதான். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கோப்பைப் பற்றியது. அதை எப்படித் தொடங்குவது, எதை நிரப்புவது, எது அதைக் காலியாக்கும், கடைசியில் அதை எப்படி மேசைமேல் வைப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

கையெழுத்துக்கு முன்

நியமனக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் அன்றே சம்மதம் எழுதி அனுப்பிவிடாதீர்கள். உங்களைத்தான் எடுப்பது என்று அவர்கள் முடிவுசெய்த நாளுக்கும் நீங்கள் சரி என்று சொல்லும் நாளுக்கும் நடுவே ஒன்றிரண்டு வாரம் இருக்கும். உங்கள் பேச்சுக்கு ஆக அதிக மதிப்பு அந்த நாட்களில்தான். சேர்ந்த பிறகு கேட்டால் அதே கோரிக்கை சலுகையாகிவிடும்.

கேட்க வேண்டியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சம்பளம், முதல் ஆண்டில் எத்தனை பாடங்கள், ஆய்வகம் எத்தனை சதுர அடி, தொடக்க நிதி எவ்வளவு, அதை எந்தத் தேதிக்குள் செலவழிக்க வேண்டும், எந்தக் கருவி எப்போது வரும், எத்தனை ஆய்வு மாணவர்களை எடுக்கலாம், அலுவலக உதவி உண்டா. சம்பளம் விதிப்படி நிர்ணயிக்கப்பட்டது, பேச இடமில்லை என்று சொல்வார்கள். அப்படியானால் எந்த ஊதியப் படியில் வைக்கிறார்கள், பழைய பணிக்காலத்தில் எத்தனை ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். விதி உள்ள இடத்திலும் இந்த இரண்டிலும் பெரும்பாலும் நெகிழ்வு உண்டு. தொடக்கத்தில் ஒரு படி குறைந்தால் அடுத்து வரும் ஒவ்வொரு உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும்.

எவ்வளவு கேட்பது? அந்தத் துறையில் கடைசியாகச் சேர்ந்த மூன்று நான்கு பேருக்கு என்ன கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் ஆண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பெண்களிடம் மட்டும் விசாரித்தால் குறைந்த அளவையே அளவுகோலாக எடுத்துக்கொள்வீர்கள். 2012இல் அமெரிக்காவில் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கான விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். விண்ணப்பம் ஒன்றுதான், பெயர் மட்டும் பாதிப் பேருக்கு ஜான், பாதிப் பேருக்கு ஜெனிஃபர். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508 டாலர் கொடுக்கலாம் என்றார்கள். இப்படி மதிப்பிட்டதில் ஆண் பேராசிரியர், பெண் பேராசிரியர் என்ற வேறுபாடு இல்லை. தேர்வுக்குழுவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

கேட்கும் விதமும் முக்கியம். பெண் தனக்காகப் பேரம் பேசினால், ஆணிடம் காட்டாத முகச்சுளிப்பை அவளிடம் காட்டுகிறார்கள். இது நியாயமில்லை. ஆனாலும் இன்று மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அப்படித்தான் இருக்கக்கூடும். எனவே கோரிக்கையை வேலையோடு கட்டிவிடுங்கள். "இந்தக் கருவி முதல் ஆறு மாதத்துக்குள் வந்தால் இரண்டாம் ஆண்டே வெளி நிதிக்கு விண்ணப்பிக்கத் தரவு கையில் இருக்கும்" என்று சொன்னால், அவருக்கும் மேலிடத்தில் எடுத்துச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

ஒப்புக்கொண்டதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று சொன்ன தலைவர் அடுத்த ஆண்டு மாறிவிடுவார். புதியவருக்கு அந்த வாக்குறுதி தெரிந்திருக்காது. கடிதத்தில் சேர்க்கத் தயங்கினால், பேசி முடித்த அன்றே நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, முதல் ஆண்டு இரண்டு பாடங்கள், ஆய்வகம் இத்தனை சதுர அடி என்று புரிந்துகொண்டேன். மாற்றம் இருந்தால் தெரிவியுங்கள்." பதில் வராவிட்டாலும் அது ஒரு பதிவு.

சதுர அடியை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) என்ற பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த நான்சி ஹாப்கின்ஸ், மீன் தொட்டிகள் வைக்கக் கூடுதல் இடம் கேட்டுக் கிடைக்காமல் போனபோது, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்க் கட்டடத்தின் ஆய்வகங்களை அளந்தார். தன்னைப் போன்ற நிலையிலுள்ள ஆண்களுக்கு எவ்வளவு அதிக இடம் இருந்தது என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது. சக பெண் பேராசிரியர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பு 1999இல் அறிக்கையாக வெளிவந்தது. வேறுபாடு உண்மைதான் என்று நிறுவனத் தலைமையே ஒப்புக்கொண்டது. பல ஆண்டுகள் முறையிட்டு நடக்காதது அளந்து காட்டியதும் நடந்தது.

களப்பணி, அறுவை அரங்கு, தொழிற்கூடம் போன்ற இடங்களில் சேர்பவர்கள் பாதுகாப்பு உடையின் அளவையும் முதலிலேயே கேட்க வேண்டும். தலைக்கவசம், கையுறை, உயரத்தில் வேலை செய்யக் கட்டும் வார், காலணி எல்லாம் பெரும்பாலும் ஆண் உடல் அளவில்தான் வாங்கி வைத்திருப்பார்கள். தொளதொளக்கும் கையுறை இயந்திரத்தில் சிக்கும். பொருந்தாத வார் விழும்போது உடம்பைவிட்டு நழுவும். 2019 மார்ச் மாதத்தில் பெண்கள் இருவர் மட்டும் செய்வதாக இருந்த முதல் விண்வெளி நடை, நடுத்தர அளவு உடை ஒன்றே தயாராக இருந்ததால் தள்ளிப்போனது. அது அக்டோபர் 18ஆம் தேதிதான் நடந்தது. நாசாவிலேயே இப்படியென்றால் உங்கள் கிடங்கில் உங்கள் அளவு தானாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே அளவுகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் எங்கே என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

முதல் மூன்று மாதம்: எதைக் கணக்கில் எடுக்கிறார்கள்?

பதவி உயர்வு விதிகளின் எழுத்துப் பிரதியை வாங்கிப் படியுங்கள். ஆனால் விதியில் இருப்பது ஒன்று, நடப்பில் எடை பெறுவது வேறொன்று. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கடந்த மூன்று ஆண்டுகளில் உயர்வு பெற்ற இருவர் மூவரின் தன்விவரக் குறிப்பைப் பார்ப்பது. பெரும்பாலும் நிறுவன இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை கட்டுரைகள், எந்த ஆய்விதழ்களில், எத்தனையில் முதல் ஆசிரியர், எவ்வளவு நிதி, எத்தனை மாணவர்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். உங்கள் பெயரில் ஒரு வரி காலியாக விடுங்கள். அந்த வரியை நிரப்புவதுதான் அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்கள் திட்டம்.

பிறகு துறைத்தலைவரிடம் அரை மணி நேரம் கேட்டு இந்த ஒரே கேள்வியை வையுங்கள்: "சார், நான் அடுத்த உயர்வுக்கு வரும்போது குழு எந்தக் குறையைச் சுட்டிக்காட்டக்கூடும்?" நன்றாகச் செய்கிறேனா என்று கேட்டால் "ரொம்ப நல்லா பண்றீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்குக் கிடைக்கும் கருத்துரை பல நேரம் இப்படி இனிப்பாகவும் உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கும். அதனால் நேர்ந்த கெடுதல் கடுமையான விமர்சனத்தால் நேர்ந்ததைவிட அதிகம். குறையைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதே கேள்வியோடு போங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பதிவேடு

வாரக் கடைசி நாளில் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு கோப்பில் ஐந்து நெடுவரிசைகள் போதும்: தேதி, செய்த வேலை, ஆன நேரம், யார் கேட்டார்கள், என்ன விளைந்தது. பாராட்டு மின்னஞ்சல், மாணவர் எழுதிய நன்றி, வெளியூர் அழைப்பு எல்லாவற்றின் நகலும் ஒரே உறைக்குள் போக வேண்டும். இரண்டு வாரம் விட்டால் நினைவிலிருந்து பாதி போய்விடும். ஆறு மாதம் விட்டால் செய்ததையே மறந்துவிடுவீர்கள்.

கற்பித்தல் பகுதியை மாணவர் மதிப்பெண்ணை மட்டும் நம்பி விடாதீர்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இணையவழி வகுப்பு எடுத்த இருவர், ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் அறிமுகமானார்கள். உண்மையில் யார் எடுத்தாலும், ஆண் என்று நம்பப்பட்டவருக்கே கூடுதல் மதிப்பெண் விழுந்தது. ஆகவே மூத்த ஆசிரியர் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பாடத்திட்டம், நீங்கள் உருவாக்கிய பயிற்சித் தாள், தேர்ச்சிக் கணக்கு ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கையில் திணிக்கப்படும் வேலைகள்

பெரும்பாலான பெண்களின் கோப்பு காலியாகும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதுவது, விருந்தினரை வரவேற்பது, ஆண்டுவிழாக் குழு, அழும் மாணவரைத் தேற்றுவது, விடுப்பில் போனவரின் வகுப்பை எடுப்பது எல்லாம் நடந்தே ஆக வேண்டிய வேலைகள். ஆனால் இவற்றில் ஒன்றும் உயர்வுக் குழுவின் மேசைக்குப் போவதில்லை. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் நால்வர் 2017இல் வெளியிட்ட ஆய்வின் சோதனைகளில், யாரும் விரும்பாத இப்படிப்பட்ட வேலைக்குத் தாமாக முன்வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் 48 விழுக்காடு அதிகமாக இருந்தது. யாரைக் கேட்பது என்று முடிவெடுக்க ஒருவரை விட்டபோது, பெண்களையே 44 விழுக்காடு அதிகமாகக் கேட்டார்கள். குழுவில் எல்லாரும் ஆண்களாகவோ எல்லாரும் பெண்களாகவோ இருந்தபோது இந்த வேறுபாடு மறைந்துபோனது. அப்படியானால் இது பெண்களின் குணமல்ல. கலந்த கூட்டத்தில் "அவங்க செய்வாங்க" என்று எல்லாரும், அந்தப் பெண் உட்பட, எதிர்பார்ப்பதுதான் காரணம். கூட்டத்தில் அந்தக் கேள்வி எழுந்ததும் வரும் கனத்த மௌனத்தை நீங்கள்தான் உடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முப்பது விநாடி தலைகுனிந்து குறிப்பேட்டைப் பாருங்கள். யாராவது கை தூக்குவார்கள்.

நேராகக் கேட்டால் என்ன செய்வது? நின்ற இடத்தில் சரி சொல்லாதீர்கள். "என் அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்பதே எப்போதும் முதல் பதில். அன்று இரவு மூன்று கேள்விகள் கேட்டுப்பாருங்கள்: இது கோப்பில் ஏறுமா? இதில் முடிவெடுக்கும் ஆட்களைச் சந்திப்பேனா? இதற்குப் போகும் நேரம் எதிலிருந்து எடுக்கப்படும்? முதல் இரண்டுக்கும் "இல்லை" வந்தால் மறுத்துவிடுங்கள்.

மறுப்பில் காரணங்களை அடுக்கக் கூடாது. காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வோடு வருவார்கள். "இந்தப் பருவத்தில் தேர்வுக் குழுவிலும் ஆய்வகப் பாதுகாப்புக் குழுவிலும் இருக்கிறேன். இதையும் எடுத்தால் ஏதாவது ஒன்றை விட வேண்டும். எதை விடுவது என்று நீங்கள் சொல்லுங்கள்" என்பது பல இடங்களில் பலிக்கும் வாக்கியம். எதை விடுவது என்ற முடிவு கேட்டவரிடமே திரும்பிப் போய்விடுகிறது. கூட்டக் குறிப்பு எழுதச் சொன்னால், "சென்ற முறை நான் எழுதினேன், இனி அகர வரிசையில் சுற்றி வரட்டும்" என்று சொல்லிவிடலாம். ஒருமுறை முறை வைத்துவிட்டால் ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் மறுப்பதும் தவறு. ஒத்துழைக்காதவர் என்ற பெயர் பெண்ணுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். எங்கள் கணிப்பில், புதிதாகச் சேர்ந்தவர் முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு நேரத்தில் இரண்டு குழுவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் ஒன்றாவது பணமோ ஆளோ பற்றி முடிவெடுக்கும் குழுவாக இருக்க வேண்டும். நிதி ஒதுக்கீடு, ஆள் தேர்வு, கருவி கொள்முதல், பாடத்திட்டம் ஆகியவை அந்த வகை. நிறுவனம் எப்படி நகர்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்வீர்கள். பெண்கள் குறைவாக உள்ள இடத்தில் எல்லாக் குழுவிலும் "ஒரு பெண் வேண்டும்" என்று உங்களையே இழுப்பார்கள். நல்ல நோக்கத்தில்தான் கூப்பிடுகிறார்கள் என்றாலும், இருபது ஆண்களும் இரண்டு பெண்களும் உள்ள துறையில் அந்த நல்ல நோக்கத்தின் சுமை முழுவதும் அந்த இருவர் தலையில்தான் விழுகிறது. அழைத்தால், பதிலுக்குப் பாடச்சுமையில் குறைப்பு கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

வேலை உங்களுடையது, பெயரும் உங்களுடையதாக

1915இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்த கணிதவியலாளர் எம்மி நோய்தர், பெண் என்பதால் தன் பெயரில் பாடம் நடத்த முடியாமல், அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை எடுத்தார். தன் பெயரில் கற்பிக்கும் உரிமை 1919இல்தான் கிடைத்தது. இன்று அப்படி வெளிப்படையாக நடப்பதில்லை. பெயர் வரிசையில் நடக்கிறது. கட்டுரையின் ஆசிரியர் வரிசையை வேலை தொடங்கும் வாரத்திலேயே மின்னஞ்சலில் பேசி முடியுங்கள்: யார் முதல் ஆசிரியர், ஆய்விதழோடு கடிதத் தொடர்பு வைக்கும் தொடர்பு ஆசிரியர் யார், எந்தப் பங்களிப்பு மாறினால் வரிசை மாறும். கட்டுரை முடிந்த பிறகு பேசினால் அது சண்டையாகும், பெரும்பாலும் இளையவரே தோற்பார்.

பொருளியல் துறையில் கூட்டாக எழுதிய கட்டுரைகளை ஆராய்ந்தபோது, ஆண்களோடு சேர்ந்து எழுதிய பெண்களுக்குப் பணி உறுதிப்பாட்டில், அதாவது நிரந்தரப் பணி பெறுவதில், அந்தக் கட்டுரைகளின் பலன் ஆண்களுக்குக் கிடைத்த அளவு கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அந்தத் துறையில் பெயர்கள் அகர வரிசையில் போடப்படுவதால் யார் எதைச் செய்தார் என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஊகம் ஆண் பக்கமே சாய்கிறது. இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, தனியாக எழுதிய அல்லது நீங்களே முதன்மையாக நின்ற கட்டுரை ஆண்டுக்கு ஒன்றாவது இருக்கட்டும். இரண்டு, தன்விவரக் குறிப்பில் ஒவ்வொரு கூட்டுக் கட்டுரைக்கும் கீழே ஒரு வரியில் உங்கள் பங்கை எழுதுங்கள்: "சோதனை வடிவமைப்பும் பகுப்பாய்வும் என்னுடையவை." உங்கள் பழைய வழிகாட்டியோடே தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் எல்லாப் புகழும் அவர் கணக்கில்தான் சேரும். முனைவர் பட்டத்துக்குப் பின் மூன்றாம் ஆண்டுக்குள் அவர் பெயர் இல்லாத கட்டுரை ஒன்று வெளிவந்தாக வேண்டும்.

கூட்டத்தில் உங்கள் யோசனையை யாரும் கவனிக்காமல், பத்து நிமிடம் கழித்து வேறொருவர் சொன்னதும் தலையாட்டுகிறார்களா? முக்கிய யோசனையை முந்தைய நாளே ஒரு பக்கக் குறிப்பாக எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு அது யாருடையது என்பதில் குழப்பம் வராது. அங்கேயே மீட்க வேண்டுமென்றால், "நான் சற்று முன் சொன்னதை நீங்கள் ஆதரிப்பது மகிழ்ச்சி. அதன் அடுத்த படி இதுதான்" என்று சொல்லிப் பேச்சைத் தொடருங்கள். இன்னொரு பெண் இருந்தால் ஒருவர் யோசனையை மற்றவர் பெயர் சொல்லி எடுத்துரைப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். தன் பெயரைத் தானே சொல்வதைவிட இது எளிது, பலனும் அதிகம். பேச்சின் நடுவே வெட்டினால், குரலை உயர்த்தாமல் "இந்த வாக்கியத்தை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லி நிறுத்தாமல் பேசுங்கள்.

அறைக்குள் உங்களுக்காகப் பேசுபவர்

அறிவுரை சொல்பவர் வேறு, நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்பவர் வேறு. பெண்களுக்கு முதல் வகையினர் நிறையப் பேர் கிடைப்பார்கள், இரண்டாம் வகையினர் அரிது. அதிகாரம் உள்ள ஒருவர் தன் பெயரைப் பணயம் வைத்து உங்களைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் உங்கள் வேலையை அவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். அதனால் அவர் தலைமையிலுள்ள ஒரு வேலையில் சின்னப் பகுதியை எடுத்து, சொன்ன தேதிக்கு முன்பே முடித்துக் கொடுங்கள். பிறகு குறிப்பாகக் கேளுங்கள். "எனக்கு உதவுங்கள்" என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "அடுத்த மாநாட்டின் அழைப்புரைப் பட்டியலுக்கு என் பெயரைச் சொல்ல முடியுமா?" என்றால் தெரியும். ஒரே ஆளை நம்பியிருக்கவும் வேண்டாம். உள்ளே இருவர், நிறுவனத்துக்கு வெளியே இருவர் இருந்தால் நல்லது. அவர் ஓய்வுபெற்றுவிட்டால் உங்கள் முன்னேற்றமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா?

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பைக் கூடவே கொடுங்கள். ஆண்களுக்கான கடிதங்கள் ஆய்வையும் திறமையையும் பேசுகையில், பெண்களுக்கான கடிதங்கள் பொறுப்பானவர், கடின உழைப்பாளி, எல்லாரிடமும் இனிமையாகப் பழகுபவர் என்று நின்றுவிடுவது பல ஆய்வுகளில் கண்டது. மூன்று கண்டுபிடிப்புகள், அவற்றின் எண்கள், அவை துறையில் எதை மாற்றின என்பதை நீங்களே எழுதிக் கொடுத்தால் கடிதத்தில் அவை இடம்பெறும். கேட்பதற்குக் குறைந்தது ஆறு வார அவகாசம் தேவை.

விடுப்பும் திரும்புதலும்

மகப்பேறு அல்லது பராமரிப்பு விடுப்புக்கு மூன்று மாதம் முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த மாணவரை யார் பார்ப்பார், எந்தக் கருவி யார் பொறுப்பு, எந்த முடிவுக்கு உங்களைக் கூப்பிடலாம், எதற்குக் கூடாது. உயர்வுக்கான கால வரம்பு தானாக நீளுமா, விண்ணப்பிக்க வேண்டுமா என்று விதியைப் பாருங்கள். நீண்டிருந்தால் அந்த உத்தரவின் நகலைக் கோப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் மதிப்பிடுபவர் "ஏழு ஆண்டில் இவ்வளவுதானா?" என்று கேட்பார். ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி காலம் நீட்டித்த அமெரிக்கப் பொருளியல் துறைகளில் ஆண்களுக்குப் பணி உறுதி கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. அந்த ஓராண்டைப் பெரும்பாலும் ஆண்கள் கட்டுரை எழுதவும் பெண்கள் குழந்தையைப் பார்க்கவும் செலவிட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனவே விடுப்புக்கு முன்பே ஒரு கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் இல்லாதபோதும் அது மதிப்பீட்டில் நகர்ந்துகொண்டிருக்கும். திரும்பிய முதல் பருவத்தில் புதுப் பாடம் எதையும் ஏற்காதீர்கள், ஏற்கெனவே எடுத்த பாடத்தையே கேளுங்கள்.

தொல்லை நேர்ந்தால்

அன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்கள். செய்திகளை அழிக்காதீர்கள், நகலை அலுவலகக் கணினிக்கு வெளியே வையுங்கள். புகாருக்குக் கால வரம்பு உள்ள இடங்கள் பல. அந்த வரம்பை இன்றே, ஒன்றும் நடக்காத நாளிலேயே, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவரைத் தனியாகச் சந்தித்துப் பேசித் தீர்க்கச் சொன்னால் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள்.

விண்ணப்பிக்கும் ஆண்டு

2018இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது டோனா ஸ்டிரிக்லண்ட் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். ஏன் இன்னும் முழுப் பேராசிரியர் இல்லை என்று உலகமே கேட்டது. தான் விண்ணப்பிக்கவே இல்லை என்றார். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை, அவர் நிலையில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் குழுத் தலைமை, நிதி, சம்பளம் எல்லாம் பதவியோடு வருபவை என்பதால் நீங்கள் காத்திருக்கக் கூடாது. தானாக யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள்.

18 மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் மாதம், நீங்கள் போட்டு வைத்த அட்டவணையில் உங்கள் வரியை அண்மையில் உயர்வு பெற்றவர்களோடு ஒப்பிடுங்கள். எல்லாத் தகுதியும் நூற்றுக்கு நூறு நிரம்பும்வரை பொறுத்திருக்க வேண்டாம். அந்த மூவரில் ஆகக் குறைந்தவரின் அளவை எட்டியிருந்தால் போதும். ஓராண்டு முன்பு, வெளி மதிப்பீட்டாளராக வரக்கூடிய ஏழெட்டுப் பேர் உங்கள் வேலையை அறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தெரியாதவர் இருந்தால் அவர் இடத்தில் உரை நிகழ்த்த வாய்ப்புக் கேளுங்கள், கட்டுரை அனுப்புங்கள். ஆறு மாதம் முன்பு உங்கள் ஆய்வுப் பணியை விவரிக்கும் அறிக்கையை எழுதி, குழுவில் இருந்து அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். அதில் "உதவினேன்", "பங்கேற்றேன்" என்ற சொற்களைத் தேடி எடுத்து, உண்மையாக நீங்கள் செய்தவற்றுக்கு "வடிவமைத்தேன்", "நிறுவினேன்", "தலைமையேற்றேன்" என்று மாற்றுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

தலைமைப் பொறுப்பு

துறைத்தலைவர், புலத்தலைவர், இயக்குநர் பதவிக்கு அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, ஏன் இப்போது? 2005இல் மிஷல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரு உளவியலாளர்கள், பிரிட்டனின் பெரிய நிறுவனங்களில் பெண்களை இயக்குநர் குழுவில் சேர்த்தது பல நேரம் அந்த நிறுவனம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தபோது என்று காட்டினார்கள். பெண்களின் உயர்வைத் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத தடையைக் கண்ணாடிக் கூரை என்று சொல்வதைப் போல, இதைக் கண்ணாடி மலைமுனை என்றார்கள். கரை ஏற்றினால் நிறுவனத்தின் வெற்றி, ஏற்ற முடியாவிட்டால் "பெண்ணால் முடியவில்லை." அதனால் சரி சொல்லும் முன் கடந்த மூன்று ஆண்டு வரவுசெலவு, நிலுவையில் உள்ள புகார்களும் வழக்குகளும், காலியிடங்கள், எவ்வளவு தொகை வரை உங்கள் கையெழுத்து செல்லும், பதவிக்காலம் எத்தனை ஆண்டு, பாடச்சுமை எவ்வளவு குறையும், காலம் முடிந்து திரும்பும்போது ஆய்வுக்கு ஒரு பருவம் கிடைக்குமா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். கையெழுத்து அதிகாரமில்லாத பதவியை ஏற்காதீர்கள். பழி மட்டும் உங்களிடம் வந்து சேரும்.

முழுப் பேராசிரியர் ஆவதற்கு முன் இப்பொறுப்பை ஏற்கலாமா? கூடுமானவரை வேண்டாம். நிர்வாகம் நேரத்தை விழுங்கிவிடும், ஆய்வு நின்றுபோகும், பிறகு "ஆய்வு போதாது" என்று அதே நிறுவனம் உயர்வை மறுக்கும். வேறு வழியில்லாமல் ஏற்றால் வாரத்தில் ஒரு முழு நாளை ஆய்வுக்கு ஒதுக்கி, அலுவலக நாட்காட்டியில் அதை அடைத்துவிடுங்கள்.

முதல் மாதத்தில் பெரிய அறிவிப்புகள் வேண்டாம். எல்லாரையும் தனித்தனியாக 30 நிமிடம் சந்தித்து, எது நன்றாக நடக்கிறது, எது தடுக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அதே மாதம் ஒரு அட்டவணை தயாரியுங்கள்: ஒவ்வொருவரின் பெயர், பாடங்கள், மாணவர் எண்ணிக்கை, குழுக்கள், ஆய்வக இடம், ஊதியப் படி. ஏற்றத்தாழ்வு எங்கே என்று அதுவே காட்டிவிடும். திருத்தம் சொல்லும்போது ஆட்களின் பெயரை விட்டு எண்ணைப் பேசுங்கள். சண்டை குறையும்.

எந்தத் தீர்மானத்தையும் கூட்டத்தில் முதன்முறையாக வெளியிடாதீர்கள். புதியவர்கள் தோற்பது இங்கேதான். முடிவுகள் பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே, ஆண்கள் மட்டும் சேர்ந்து நிற்கும் நடைபாதைகளிலும் மாலைச் சந்திப்புகளிலும் பேசி முடிக்கப்பட்டிருக்கும். அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஒத்துக்கொள்வார் என்று தெரிந்த இருவர், எதிர்ப்பார் என்று தெரிந்த இருவர் என நால்வரை அவரவர் அறையில் சந்தியுங்கள். எதிர்ப்பவரின் ஆட்சேபத்தில் நியாயமான பகுதியைத் தீர்மானத்தில் சேர்த்துவிட்டால் கூட்டத்தில் அவரே அமைதியாக இருப்பார்.

ஆள் எடுக்கும்போது விண்ணப்ப உறையைப் பிரிப்பதற்கு முன்பே தகுதி அளவுகோலையும் மதிப்பெண் பங்கீட்டையும் எழுதி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். விண்ணப்பங்களைப் பார்த்த பிறகு அளவுகோல் வைத்தால், பிடித்தவருக்கு ஏற்றபடி அது வளைந்துவிடும். நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். திருமணம், குழந்தை, கணவரின் வேலை பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். உறுப்பினர்கள் கலந்து பேசும் முன் அவரவர் மதிப்பெண்ணைத் தாளில் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் வாய் திறந்ததும் மற்ற எண்களெல்லாம் அவர் பக்கம் சாயும்.

பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கையில் அந்த அட்டவணையைப் புதுப்பித்து, அடுத்து வரக்கூடிய இருவர் மூவரிடம் ஒவ்வொரு பொறுப்பையும் பிரித்துக் கொடுத்துப் பழக்குங்கள். வரவுசெலவுக் கூட்டத்துக்கு ஒருவரை, ஆள்தேர்வுக் குழுவுக்கு இன்னொருவரைக் கூட அழைத்துப் போங்கள். அட்டவணை, நிலுவைப் பட்டியல், எழுதி வாங்கிய ஒப்புதல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்தோடு ஒப்படையுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.